குளுக்கோமா சொட்டு மருந்து: விடும் முறை, வைக்கும் முறை, யாருக்கு எது ஆகாது (மட்டக்களப்பு, அம்பாறை)

வாவிக்கரை (இழையைத் தொடங்கியவர்):

கண் கிளினிக்கில் குளுக்கோமா (பெரும்பாலும் கண்ணுக்குள் அமுக்கம் ஏறிப் பார்வையை மெல்லக் கெடுக்கும் நோய்) என்று சொல்லி ஒரு சின்னப் போத்தலைக் கையில் தந்துவிடுவார்கள். அதை வீட்டில் எப்படி விடுவது என்று உட்கார்ந்து காட்டித்தர அங்கே நேரம் இருப்பதில்லை, வரிசை அப்படி. அதற்காகத்தான் இந்த இழை. எந்த மருந்து, எத்தனை வேளை என்பது வைத்தியர் சொல்வதுதான். அதை இங்கே யாரும் கூட்டிக் குறைத்துச் சொல்ல வேண்டாம். எழுதித் தந்த மருந்து வீணாகாமலும் உடம்பைப் பாதிக்காமலும் பாவிப்பது பற்றி மட்டும் பேசுவோம்.

முதலில் மனதில் வைக்க வேண்டியது: கண்ணில் விடும் சொட்டு கண்ணோடு நிற்பதில்லை. மூக்கோரம் உள்ள கண்ணீர்த் துளையால் இறங்கி மூக்குக்குள் போய், அங்கிருந்து இரத்தத்தில் கலக்கிறது. விழுங்கும் குளிசையில் ஒரு பகுதியை ஈரல் உடைத்துவிடும். சொட்டு மருந்து ஈரலுக்குப் போகாமல் நேரே இரத்தத்துக்கு வருகிறது. டிமோலோல் 0.5% சொட்டு ஆஸ்துமாக்காரருக்கு மூச்சை இறுக்குவதும், சிலருக்கு இதயத் துடிப்பை மந்தமாக்குவதும் இந்த வழியால்தான்.

விடும் முறை இது. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். தலையைப் பின்னால் சாயுங்கள், வயதானவர் என்றால் படுக்கச் சொல்லுங்கள். கீழிமையை ஒரு விரலால் மெல்லக் கீழே இழுத்தால் ஒரு பை மாதிரித் திறக்கும். முகட்டைப் பார்த்தபடி அந்தப் பைக்குள் ஒரே ஒரு சொட்டு. போத்தல் முனை இமையிலோ இமைமயிரிலோ விரலிலோ படக்கூடாது. பிறகு கண்ணை மெதுவாக மூடி, கண்ணின் உள்மூலையை, அதாவது மூக்கெலும்புடன் சேரும் இடத்தை, விரல் நுனியால் இரண்டு மூன்று நிமிஷம் அமர்த்திப் பிடியுங்கள். அந்த நேரம் கண்ணைச் சிமிட்டவோ இறுக்கிப் பொத்தவோ கூடாது. சிமிட்டினால் மருந்து அந்தத் துளைக்குள் இழுபட்டுவிடும். தோலில் வழிந்ததைத் துடைத்துவிடுங்கள்.

இரண்டு சொட்டு விட்டால் இரட்டிப்புப் பலன் கிடைக்காது. கண்ணுக்கு வெளியே தங்கக்கூடிய இடம் ஏறத்தாழ 30 மைக்ரோலீற்றர்தான். போத்தலிலிருந்து விழும் ஒரு சொட்டே 25 முதல் 50 மைக்ரோலீற்றர் வரும். மிச்சம் கன்னத்திலும் மூக்கிலும்தான் போகும்.

இரண்டு வகை மருந்து இருந்தால் இடையில் குறைந்தது ஐந்து நிமிஷம் விடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிக்கொண்டு போய்விடும். ஜெல் அல்லது களிம்பு இருந்தால் அது கடைசியில்.

---

பார்மசி_மேசை:

நல்ல தொடக்கம் அண்ணன். போத்தலைத் திறக்கிற விசயத்தையும் சேர்க்க வேண்டும், அதில்தான் நிறையப் பேர் பிழை விடுகிறார்கள். இங்கே வரும் பல போத்தல்களின் முனை மூடியே இருக்கும். மூடிக்கு உள்ளே ஒரு கூர் இருக்கிறது. மூடியை இறுக்கித் திருகினால் அந்தக் கூர் முனையைக் குத்தித் துளை போடும். மறுபக்கம் திருகிக் கழற்றினால் சரியான அளவில் சொட்டு வரும். இது தெரியாமல் ஊசி, குண்டூசி, சில வீடுகளில் சட்டைப்பின் கொண்டு குத்துகிறார்கள். துளை பெரிதானால் சொட்டும் பெரிதாகும், போத்தல் சீக்கிரம் முடியும், அழுக்கும் கிருமியும் உள்ளே போகும். கத்தரிக்கோலால் முனையை வெட்டுவது அதைவிட மோசம்.

திறந்த அன்றே போத்தலில் ஒரு பிளாஸ்டர் ஒட்டித் திகதி எழுதுங்கள். பெரும்பாலான சொட்டு மருந்துகளைத் திறந்து நான்கு கிழமையில் எறிய வேண்டும், உள்ளே மருந்து மிச்சமிருந்தாலும். லட்டனோபிரொஸ்ட் என்ற குளுக்கோமாச் சொட்டுக்குச் சில கம்பனிகள் நான்கு கிழமை, சில ஆறு கிழமை போடுகின்றன. பெட்டியில் என்ன இருக்கிறதோ அதன்படி நடவுங்கள்.

கணக்கும் பாருங்கள். 2.5 மி.லீ. லட்டனோபிரொஸ்ட் போத்தலில் ஏறத்தாழ 80 சொட்டு இருக்கும். இரண்டு கண்ணுக்கும் இரவில் ஒவ்வொன்று என்றால் 30 நாளைக்கு 60. தவறி விழுவதற்கு இருபது சொட்டு மிச்சம். இரண்டு கிழமையில் முடிந்தால் விடுவதில் பிழை, அல்லது துளையில் பிழை. இரண்டு மாசமாக முடியவில்லை என்றால் இடையில் விடாத நாட்கள் நிறைய. அதைக் கிளினிக்கில் மறைக்கக்கூடாது. மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து வைத்தியர் இன்னொன்றைக் கூட்டிவிடுவார்.

---

சாய்ந்தமருது_ராத்தா:

உம்மாவுக்கு இரவில் லட்டனோபிரொஸ்ட், காலையும் மாலையும் டிமோலோல். எங்கட வீட்டில் பிரிட்ஜ் இல்ல. மண்பானையில் ஈரத்துணி சுத்தி வைக்கலாம் என்று ஒராள் சொன்னார். சரியா?

---

பார்மசி_மேசை:

ராத்தா, டிமோலோலுக்குப் பிரிட்ஜ் தேவையில்லை. வெயிலும் வெளிச்சமும் படாத அலுமாரிக்குள் வையுங்கள். லட்டனோபிரொஸ்ட்தான் கவனம். திறக்காத போத்தல் 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும். திறந்த பிறகு 25 பாகைக்கு மேற்படாமல் வைக்கச் சொல்லியிருக்கும். மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் பகலில் 30 பாகை சாதாரணம் என்பதால், பிரிட்ஜ் உள்ளவர்கள் திறந்த பின்னும் அதன் கதவுத் தட்டிலேயே வைப்பது நல்லது. ஐஸ் பெட்டிக்குள் வேண்டாம், உறையக்கூடாது.

மண்பானை வறண்ட ஊரில் நன்றாகக் குளிர்விக்கும். கடற்கரை ஊர்களில் காற்றே ஈரமாக இருப்பதால் அவ்வளவு இறங்காது, ஆனாலும் தகரக் கூரைக்குக் கீழே மேசையில் வைப்பதைவிட நல்லது. போத்தலைப் பொலித்தீன் பைக்குள் போட்டு வையுங்கள், தண்ணீர் படக்கூடாது. ஒரு மாசத்துக்கு மேல் வாங்கிச் சேர்க்க வேண்டாம். அடுத்த போத்தல் கடையின் பிரிட்ஜிலேயே இருக்கட்டும். கிளினிக்கில் "வீட்டில் பிரிட்ஜ் இல்லை" என்று கட்டாயம் சொல்லுங்கள். அதே குடும்பத்து மருந்துகளில் டிரவோபிரொஸ்ட், பிமாட்டோபிரொஸ்ட் 25 பாகை வரை வெளியே வைக்கக்கூடியவை. மாற்ற முடியுமா என்று வைத்தியர் பார்ப்பார்.

---

கல்லடிப்_பாலம்:

கொழும்பிலிருந்து பஸ்ஸில் கொண்டு வந்தால் பழுதாகும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அந்தளவு பயம் வேண்டாம். லட்டனோபிரொஸ்ட்டை முதலில் கொண்டுவந்த கம்பனியின் அறிவுறுத்தலிலேயே, அனுப்பும் வழியில் 40 பாகை வரை எட்டு நாளுக்கு மேற்படாமல் இருக்கலாம் என்று இருக்கிறது. ஓர் இரவுப் பயணம் அதைக் கெடுக்காது. கெடுப்பது மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழும் முச்சக்கரவண்டியின் முன் கண்ணாடிக்குக் கீழும் பகல் முழுக்கக் கிடப்பதுதான்.

---

வார்ட்_அக்கா:

கண் வார்டில் வேலை செய்பவர் என்ற முறையில் ஒன்று. டிமோலோலை எழுதும்போது "முட்டு வருத்தம் (ஆஸ்துமா) இருக்கா?" என்று கேட்பார்கள். "இப்ப இல்ல" என்று பதில் வரும். இப்ப இல்லாவிட்டாலும் முன்பு இருந்ததைச் சொல்ல வேண்டும். ஆஸ்துமா, புகைத்தலால் வந்த நாட்பட்ட நுரையீரல் நோய், இதயத் துடிப்பு மிகக் குறைவு, இதயத்துக்குள் மின்துடிப்பு தடைப்படுவது (heart block), கட்டுப்படாத இதயப் பலவீனம், இவை உள்ளவர்களுக்கு டிமோலோல் ஆகாது. "சொட்டு மருந்துதானே" என்ற நினைப்பில் மறைக்கிற ஆளுக்குத்தான் இரவில் இழுப்பு வரும்.

பிரஷருக்கோ நெஞ்சு வருத்தத்துக்கோ அட்டெனோலோல், புரொப்ரனலோல், வெரபமில் குடிப்பவர்கள் அதையும் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் நாடி 50க்குக் கீழே போகலாம், எழும்பும்போது தலை சுற்றும், விழுவார்கள். வயதானவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அதைச் சொட்டு மருந்தோடு யாரும் தொடர்புபடுத்திப் பார்ப்பதில்லை.

சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுபவர்கள்: சீனி இறங்கும்போது வரும் நடுக்கத்தையும் படபடப்பையும் டிமோலோல் மறைக்கலாம். வேர்வை மட்டும் வரும். டிமோலோல் தொடங்கிய முதல் கிழமைகளில் சீனியை அடிக்கடி பாருங்கள்.

இன்னொன்று, கடையில் அடிக்கடி நடப்பது. ஆஸ்பத்திரியில் மருந்து இல்லாமல் வெளியில் வாங்கச் சொன்னால், வேறு பெயரில் ஒரு போத்தல் கிடைக்கும். அதில் டொர்சோலமைட்டும் டிமோலோலும் சேர்ந்திருக்கும். வீட்டில் பழைய டிமோலோல் போத்தலும் இருக்கும். இரண்டையும் விடுவார்கள். ஒரே டிமோலோல் இரட்டிப்பாக உள்ளே போகும். போத்தலின் பெரிய எழுத்துப் பெயரைப் பார்க்காமல், அதற்குக் கீழே சின்னதாக எழுதியிருக்கும் மருந்துப் பெயரைப் பாருங்கள். மூடியின் நிறத்தை நம்ப வேண்டாம். மஞ்சள் மூடி என்றால் இன்ன மருந்து என்று ஒரு வழக்கம் இருக்கிறது, ஆனால் இங்கே வரும் எல்லாக் கம்பனியும் அதைப் பின்பற்றுவதில்லை.

---

ஏறாவூர்_காக்கா:

> உள்மூலையை விரல் நுனியால் இரண்டு மூன்று நிமிஷம் அமர்த்திப் பிடியுங்கள்

எங்களுக்குக் கண்ணை மூடி வைத்தால் போதும் என்றுதான் சொன்னார்கள். எது சரி?

---

வாவிக்கரை:

இரண்டும் சரி காக்கா. அசையாமல் கண்ணை மூடி வைத்தாலே துளைக்குள் இழுபடுவது பெரிதும் குறையும். அமர்த்தியும் பிடித்தால் கூடுதல் பாதுகாப்பு. சரியாகச் செய்தால் இரத்தத்தில் கலப்பதை மூன்றில் இரண்டு பங்களவுக்குக் குறைக்கலாம் என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். விரல் நடுங்குபவர், மூட்டு வருத்தக்காரர் மூடி வைத்தால் போதும். டிமோலோல், பிரிமொனிடின் விடுபவர்கள் இரண்டையும் செய்யுங்கள். தொண்டையில் கசப்புத் தெரிந்தால் மருந்து மூக்கால் இறங்கிவிட்டது என்று அர்த்தம். டொர்சோலமைட்டில் அந்தக் கசப்பு நன்றாகத் தெரியும்.

கை நடுங்குபவர்களுக்கு இன்னொரு வழி. படுத்துக் கண்ணை மூடி, மூக்கோரக் குழியில் ஒரு சொட்டு விட்டு, தலையை அசைக்காமல் கண்ணைத் திறந்தால் சொட்டு தானாக உள்ளே வழியும். இமையை முதலில் துடைத்திருக்க வேண்டும். இந்த முறையில் கொஞ்சம் வெளியே போகும், ஆனால் முனை கண்ணில் குத்துவதைவிட இது எவ்வளவோ மேல்.

---

மருதமுனை_நெசவு:

நோன்பு காலத்தில் பகல் சொட்டை விடாமல் தவிர்க்கிறார்கள். ஷாபி மத்ஹப் என்ற மார்க்கச் சட்டப் பிரிவின்படி கண்ணில் மருந்து விடுவதால் நோன்பு முறியாது, தொண்டையில் சுவை தெரிந்தாலும். ஜித்தாவில் உள்ள சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அக்கடமியும் 1997இல் கண் சொட்டு நோன்பை முறிக்காது என்று தீர்மானித்தது. மனம் ஒப்பாதவர்கள் உங்கள் மௌலவியிடம் கேளுங்கள், ஆனால் கேட்கும்வரை மருந்தை நிறுத்தி வைக்காதீர்கள். காலை மாலை என்று இரண்டு வேளை மருந்தை ஸஹர் (விடியுமுன் உண்ணும்) நேரத்திலும் நோன்பு திறந்த பிறகும் வைத்துக்கொண்டால் இடைவெளியும் ஏறத்தாழ சரியாக வரும்.

குளிசை வேறு கதை. கண் அமுக்கத்தைக் குறைக்கும் டயமொக்ஸ் (அசெட்டசோலமைட்) குடிப்பவர்கள் நோன்புக்கு முன்பே வைத்தியரைப் பார்க்க வேண்டும். அது சிறுநீரைக் கூட்டும், பகலில் தண்ணீரும் இல்லை என்றால் சிறுநீரகம் சிரமப்படும்.

---

வார்ட்_அக்கா:

டயமொக்ஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், குளுக்கோமா மருந்துகளில் கவனம் கூடுதலாக வேண்டியது அதுதான். அசெட்டசோலமைட் 250 மி.கி. குளிசை. பெரும்பாலும் அமுக்கம் திடீரென்று ஏறும்போது, அல்லது சத்திரசிகிச்சைக்கு முன்னர், கொஞ்ச நாளைக்குத் தருவது. அந்த நாள் முடிந்த பிறகு மிச்சக் குளிசையை வைத்து நீங்களாகத் தொடராதீர்கள்.

விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் கூச்சம், சோடா குடித்தால் சப்பென்று இருப்பது, அடிக்கடி சிறுநீர், பசிக்குறைவு, இவை எதிர்பார்க்கக்கூடியவை. பயப்பட வேண்டாம், அடுத்த கிளினிக்கில் சொன்னால் போதும். தோலில் தடிப்பு, வாய்ப்புண்ணுடன் காய்ச்சல், காரணமில்லாமல் இரத்தக் கசிவு, விலாப்பக்கத்தில் கடுமையான குத்து, மூச்சு வேகமாக வாங்குவது, எழுப்ப முடியாத சோர்வு, இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த குளிசையைக் குடிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இதைக் குடிக்கக்கூடாதவர்கள்: கடுமையான சிறுநீரக நோய், ஈரல் சுருக்கம், உடம்பில் பொட்டாசியமோ சோடியமோ குறைவாக இருப்பவர்கள். செப்ட்ரின் போன்ற சல்பா மருந்துக்கு முன்பு தோல் தடித்தவர்கள் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அம்பாறை மாவட்டத்தில் சிறுநீரக நோய் கூடுதலாகக் காணப்படும் பகுதிகள் இருக்கின்றன. அந்தப் பக்கத்தவர்கள் கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) பார்த்த ரிப்போட்டைக் கிளினிக் கொப்பிக்குள்ளேயே வைத்திருங்கள். பொட்டாசியம் குறையும் என்று கேள்விப்பட்டு இளநீரை அள்ளிக் குடிப்பவர்களும் உண்டு. சிறுநீரகம் பழுதானவருக்கு அதே இளநீர் ஆபத்து. இரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் அதைத் தீர்மானிக்க வேண்டும். வலிக்கு அஸ்பிரின் கூடுதலாகக் குடிப்பவர்களும் சொல்லுங்கள், டயமொக்ஸோடு அது சேரக்கூடாது.

---

கல்லடிப்_பாலம்:

கண் அமுக்கம் 14க்கு (மி.மீ. இரசம்) வந்துவிட்டது, இனி நிறுத்தலாமா என்ற கேள்வி எல்லா இடத்திலும் வருகிறது. 14 என்பது மருந்து விடும்போது உள்ள அளவு. நிறுத்தினால் மறுநாளே ஏறாது. லட்டனோபிரொஸ்ட்டின் தாக்கம் முழுதாகப் போக நாலு கிழமை வரை எடுக்கலாம். அதனால் நிறுத்தியவருக்கு "ஒன்றும் ஆகவில்லையே" என்று தோன்றும். பெரும்பாலான குளுக்கோமாவில் வலியும் இல்லை, சிவப்பும் இல்லை. ஓரப் பார்வைதான் முதலில் போகிறது, மூளை அந்த இடத்தை நிரப்பிக் காட்டுவதால் ஆளுக்குத் தெரிவதில்லை. போன பார்வையை எந்த மருந்தும் திருப்பித் தராது. இதைப் பயமுறுத்த எழுதவில்லை, கெஞ்சிக் கேட்டே எழுதுகிறேன். தாங்க முடியாத எரிவு என்றால் மாற்று மருந்து இருக்கிறது, லேசர் இருக்கிறது, சத்திரசிகிச்சை இருக்கிறது. போய்ச் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இன்னொரு தவறு, கிளினிக் நாளில் காலை மருந்தை விடாமல் போவது. வேறு விதமாகச் சொல்லியிருந்தாலன்றி வழமைபோல விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். போத்தல்களையும் கொண்டு போங்கள், கடைசியாக விட்ட நேரத்தையும் சொல்லுங்கள்.

---

சாய்ந்தமருது_ராத்தா:

இரவு விட மறந்து காலையில் ஞாபகம் வந்தால்?

---

பார்மசி_மேசை:

லட்டனோபிரொஸ்ட் என்றால் அன்றிரவு வழமையான நேரத்துக்கு ஒரு சொட்டு, அவ்வளவுதான். ஈடுகட்ட இரண்டு விட வேண்டாம். ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் விட்டால் அமுக்கம் குறைவது பலவீனப்படும். டிமோலோல் என்றால் ஞாபகம் வந்தவுடன் விடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் தவறிய வேளையைத் தவிர்த்துவிடுங்கள்.

லட்டனோபிரொஸ்ட்டால் இமைமயிர் நீளும், தடிக்கும். கண்ணைச் சுற்றித் தோல் கறுக்கலாம். மண்ணிறக் கருவிழி இன்னும் கருமையாகலாம், அது திரும்பாது. ஒரு கண்ணுக்கு மட்டும் விடுபவருக்கு வித்தியாசம் தெரியும். தோல் கறுப்பைக் குறைக்க, விட்டவுடன் வழிந்ததைத் துடையுங்கள். பிரிமொனிடின் வேறு மாதிரி. மாசக்கணக்கில் நன்றாக இருந்துவிட்டுத் திடீரெனக் கண் சிவந்து அரிக்கத் தொடங்கலாம். அது ஒவ்வாமை. இன்னொரு சொட்டு வாங்கி அதை அடக்கப் பார்க்காமல் கிளினிக்குக்குப் போங்கள். பிரின்சோலமைட் போத்தலை ஒவ்வொரு தடவையும் நன்றாகக் குலுக்க வேண்டும், மருந்து அடியில் படியும். கொன்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் கழற்றிவிட்டு மருந்தை விட்டு 15 நிமிஷம் கழித்துப் போடுங்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் முன்கூட்டியே சொல்லுங்கள், பல மருந்துகளை மாற்ற வேண்டிவரும்.

---

மருதமுனை_நெசவு:

கச்சான் காற்று அடிக்கும் மாசங்களில் கண் வறண்டு சிவப்பது எல்லோருக்கும் வரும். அப்போது கடையில் போய் "சிவப்புக்கு ஒரு சொட்டு" என்று கேட்டால் சில நேரம் டெக்ஸாமெதசோன் அல்லது பீற்றாமெதசோன் சேர்ந்த போத்தல் கைக்கு வரும். ஸ்டெரொயிட். சிவப்பு உடனே போகும், அதனால் திரும்பத் திரும்ப வாங்குவார்கள். கிழமைக்கணக்கில் விட்டால் கண் அமுக்கம் ஏறும். குளுக்கோமா உள்ளவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் அப்படி ஏறுவதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூட. வைத்தியர் எழுதி, எத்தனை நாள் என்றும் சொன்னாலன்றி வேண்டாம்.

தேன், தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, இவையும் வேண்டாம். நம்ம ஊர்த் தேன் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் கண்ணுக்குள் விட அது தயாரிக்கப்பட்டதல்ல. கிருமி போனால் கருவிழியில் புண் வரும், குளுக்கோமாவால் ஏற்கெனவே நொந்த கண் அதைத் தாங்காது.

---

ஏறாவூர்_காக்கா:

தடிமன் குளிசை குடிக்கலாமா?

---

வார்ட்_அக்கா:

உங்களுக்கு எந்த வகை என்பதைப் பொறுத்தது காக்கா. கண்ணுக்குள் நீர் வடியும் கோணம் திறந்த வகை என்றால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. கோணம் ஒடுங்கிய வகை, இன்னும் லேசர் போடவில்லை என்றால், தடிமன் குளிசை, வயிற்றுப் பிடிப்புக்குத் தரும் ஹையோசின், சில மனநல மருந்துகள் கண்மணியை விரித்துக் கோணத்தை அடைத்துவிடலாம். கிளினிக்கில் "எனக்குத் திறந்ததா, ஒடுங்கியதா?" என்று கேட்டுக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடைத்தால் எப்படித் தெரியும் என்றால், ஒரு கண்ணில் கடுமையான வலி, அதே பக்கத் தலையிடி, சத்தி, பார்வை புகை, லைற்றைச் சுற்றி வானவில் வளையம், கண் சிவப்பு. சத்தியைப் பார்த்து வயிற்றுக் கோளாறு என்று நினைத்து விடியும்வரை காத்திருப்பதுதான் மோசமான பிழை. சில மணி நேரத்தில் பார்வை போகலாம். 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸுக்குக் காசில்லை. அவசர சிகிச்சைப் பிரிவில் முதல் வார்த்தையாகக் கண் வலியைச் சொல்லுங்கள், சத்தியை அல்ல.

---

கல்லடிப்_பாலம்:

மாரி தொடங்குவதற்கு முன் இன்னொரு விசயம். வெள்ளத்தில் இடம்பெயர்ந்து பாடசாலைகளில் தங்கும்போது முதலில் விடுபடுவது கண் மருந்து. இரண்டு கிழமைக்குப் போதுமான மருந்து ஒரு பொலித்தீன் பையிலும், கிளினிக் கொப்பியின் போட்டோ போனிலும் தயாராக இருக்கட்டும்.

அப்படி எல்லோரும் ஒரே மண்டபத்தில் படுக்கும்போது போத்தலைத் தலைமாட்டில் வைக்க வேண்டாம், சின்னப் பிள்ளைகள் எடுப்பார்கள். பிரிமொனிடின் சில சொட்டு வாயில் போனாலே குழந்தைக்கு மயக்கம் வரும், மூச்சு மந்தமாகும். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கண்ணில் விடுவதே ஆகாத மருந்து அது. குடித்துவிட்டால் சத்தி எடுக்க வைக்க முயலாமல், போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.